உப்பு கரிக்காத விஸ்கி

சிங்கிள் மால்ட் குடிப்பவர்கள் எழுதும் ருசிக் குறிப்புகளைப் படித்திருக்கிறீர்களா? தேன், பச்சை ஆப்பிள், பழைய தோல் பை, கடல் உப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். தோல் பையெல்லாம் நமக்குத் தெரியாதுங்க. ஆனா உப்பு? மரக்காணத்துக்காரன் கிட்டயேவா? மூணு தலைமுறையா உப்பளத்துல வேலை பார்த்த குடும்பம் சார்!

துபாயில் இருந்து வந்த அத்தை மகன் ஒரு ஓல்ட் பல்ட்னி வாங்கி வந்திருந்தான். பன்னிரண்டு வருஷச் சரக்கு. ஸ்காட்லாந்தின் வடகோடியில் விக் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் 1826-லிருந்து காய்ச்சுகிறார்கள். அங்கே இது கை கடிக்காத ஆரம்பநிலை பாட்டில்தான். இங்கே கதை வேறு. இந்தியா ஸ்காட்சுக்குப் பல வருஷமாகப் போட்டு வந்த சுங்க வரி 150 சதவீதம். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தப்படி அது முதலில் 75 ஆகி, பத்து வருஷத்தில் 40-க்கு இறங்க வேண்டும். (பி.காம் படிக்கிறவனுக்கு வாசனைக்கு முன்னாடி வரிதான் மூக்கில் ஏறும், மன்னிக்கவும்.) நம்ம பாட்டில் ஏர்போர்ட் டூட்டி ஃப்ரீ. பிழைத்தோம்.

"குடிச்சுப் பாரு மாப்ள, கடல் தெரியும்" என்றான். குடிப்பழக்கமே இல்லாத அப்பா பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, "எத்தனை டிகிரி?" என்று மட்டும் கேட்டார். பாத்தித் தண்ணிக்குக் கேட்கிற அதே கேள்வி! அங்கே 25 டிகிரி வந்தால் உப்பு பூக்கும். இங்கே 40 சதவீதம்.

கண்ணாடி டம்ளரில் கொஞ்சம், அதில் நாலு சொட்டுத் தண்ணீர். முகர்ந்தால் எலுமிச்சைத் தோல், வெல்லப்பாகு. வாயில் வழவழப்பு, பிறகு காரம். விழுங்கியதும் நாக்கின் ஓரத்தில் ஒரு வறட்சி நிற்கிறது. இதைத்தான் உப்பு என்கிறார்கள் போல. சத்தியமாகச் சொல்கிறேன், இது உப்பு இல்லை. மே மாத வெயிலில் பாத்தியில் நின்றுவிட்டு உதட்டை நக்கிப் பாருங்கள், அது உப்பு.

யோசித்தால் இருக்கவும் முடியாது. உப்பளமும் சாராய ஆலையும் செய்வது ஒரே வேலைதான், தலைகீழாக. நாங்கள் ஆவியைப் போகவிட்டு மிச்சத்தை வாருகிறோம். அவர்கள் ஆவியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டுகிறார்கள். உப்பு ஆவியோடு ஏறாது. பீப்பாய் இருக்கும் கிடங்கில் கடல்காற்று அடித்தாலும் நாக்குக்குத் தெரிகிற அளவு சேருமா என்ன? லேபிளில் படகுப் படம் போட்டிருக்கிறார்கள், கடல் என்கிறார்கள், நாக்கும் நம்பிவிடுகிறது.

இல்லாததை இருக்கிறது என்று சொல்கிற நாக்கு, இருப்பதை இல்லை என்றும் சொல்லும். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 2023 மே மாதம், மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பம். மெத்தனால் கலந்த சாராயம், 14 சாவு. மெத்தனாலுக்கும் நல்ல சாராயத்துக்கும் நிறத்தில் வித்தியாசமில்லை, வாசனையும் ருசியும் ஏறக்குறைய ஒன்றே. எவ்வளவு பழகின நாக்கும் ஏமாறும். குடித்தபின் பல மணி நேரம் ஒன்றும் தெரியாது. உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும்போதுதான் கண் மங்கும், மூச்சு வாங்கும்.

ஸ்காட்ச் என்று பெயர் போட வேண்டுமானால் ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம், சிங்கிள் மால்ட் என்றால் ஒரே ஆலை, மால்ட் செய்த பார்லி மட்டும் என்று சட்டமே இருக்கிறது. வழியில் யாரோ சோதித்திருக்கிறார்கள், கணக்கு எழுதியிருக்கிறார்கள். நாம் கொடுக்கிற காசில் ருசிக்கு எவ்வளவு, அந்தக் கணக்குக்கு எவ்வளவு என்று காஸ்டிங் போட்டுப் பார்க்கலாம். எக்கியார்குப்பத்துக்கு வந்ததற்கு லேபிளே கிடையாது. அது ஊறல் போட்டுக் காய்ச்சின கள்ளச்சாராயம்கூட இல்லையாம். தொழிற்சாலைக்குப் போகிற மெத்தனால் என்று போலீஸ் அறிவித்தது, செத்தபிறகு செய்த சோதனையை வைத்து.