காதறுந்த கடுவன்

மாலையில் எதிர் வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்ததும் பூனைகள் வராண்டாவுக்கு வந்துவிடும். பெட்டைகள் இரண்டு, வாலில்லாத சின்னவன், கடைசியாக ரவுடி. அவனுக்கு அவசரமே கிடையாது. தெருவிலிருந்து வந்தவன். இடது காதில் பாதி இல்லை. கன்னம் இரண்டும் புடைத்து, கழுத்துத் தோல் தடித்து, ஒரு காலத்தில் இந்தத் தெரு யாருடையது என்பது பார்த்தவுடனே தெரியும்.

அந்த வீட்டு அம்மா காரப்பொடி மீனை வேகவைத்து, முள் எடுத்து, நான்கு தட்டுகளில் பிரிக்கிறார். முன்பெல்லாம் பச்சையாகவே போடுவார். இப்போது வேகாத எதுவும் ரவுடிக்குக் கிடையாது. மற்றப் பூனைகள் செரித்துவிடும் கிருமி அவனைச் சாய்த்துவிடும். தட்டுகளை எட்ட எட்ட வைக்கிறார். தொற்றுக்குப் பயந்து அல்ல, மீனுக்காக அடிதடி வரக்கூடாதே என்று. தண்ணீர் நால்வருக்கும் ஒரே மண்சட்டியில்தான்.

ரவுடி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்கிறான். ஈறு புண்ணாகிக் கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டார்கள். அவன் உடம்பில் இருக்கும் கிருமி தொற்றிய பூனைகளுக்கு வாய் அடிக்கடி கெடும்.

கீழ் வீட்டுப் பெண் தண்ணி லாரிக் காசு கேட்டு வந்தவள், படியிலேயே நின்றுவிட்டாள்.

“அக்கா, இதுக்கு எய்ட்ஸாமே?”

“அந்த மாதிரி ஒண்ணு. எஃப்.ஐ.வி.ன்னு பேரு. மனுசங்களுக்கு வராதும்மா.”

“மத்த பூனைங்களுக்கு?”

“கடிச்சாத்தான். அதுவும் பல்லு ஆழமா இறங்கணும்.”

அவள் இன்னும் ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டாள்.

இந்தக் கிருமி முதன்முதலில் பிடிபட்டதே பல பூனைகள் சேர்ந்து வாழ்ந்த இடத்தில்தான். கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவில் ஒரே அடைப்பில் இருந்த பூனைகள் அடுத்தடுத்து நோயுற, 1986இல் நீல்ஸ் பெடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் ரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஒன்றாக இருந்தாலே பரவிவிடும் என்ற பயம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ என்னவோ. சண்டையில்லாத வீட்டில் அது அபூர்வமாகவே பரவுகிறது. கருத்தடை ஆகாமல் ஊர் சுற்றி மல்லுக்கட்டும் கடுவன்களுக்குத்தான் அதிகம்.

தின்று முடித்த பெரிய பெட்டை ரவுடியின் நெற்றியை நக்க ஆரம்பித்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். கீழ் வீட்டுப் பெண் முகத்தைச் சுளித்தாள். நக்குவதால் பரவும் ஆபத்து மிகக் குறைவு. அதைச் சொன்னாலும் அவள் கேட்டிருப்பாளா என்பது வேறு விஷயம்.

அப்போது மதில்மேல் ஒரு செவலைக் கடுவன் வந்து நின்று அடித்தொண்டையில் உறுமியது. ரவுடியின் முதுகு மயிர் சிலிர்த்தது. அந்த அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து வலையடித்த கேட்டைச் சாத்தினார். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் இதற்கு இருக்கும் முதல் மருந்து அந்தக் கேட்தான். உள்ளே இருப்பவனுக்கு வெளிக் கிருமிகள் வராது, வெளியே திரிபவனுக்கு இவன் கடி விழாது.

சின்னவனுக்கும் குட்டியாக வந்தபோது பாசிட்டிவ் என்றே வந்ததாம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருளாக இருக்கலாம், ஆறு மாத வயது தாண்டட்டும் என்றார் டாக்டர். அப்புறம் பார்த்ததில் இல்லை. பெட்டைகள் இரண்டுக்கும் இல்லை. ரவுடிக்கு மட்டும் உண்டு; அவன் இன்றைக்கும் தட்டைக் காலி செய்துவிட்டான்.