சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். ட்ரயல் பாலன்ஸில் இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால், வித்தியாசத்தைத் தூக்கி 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்றில் போட்டுவிட்டு, தப்பு எங்கே என்று சாவகாசமாகத் தேடுவோம். பரீட்சையில் ஐந்து மார்க். அந்த அக்கவுண்டில் போய் உட்காரும் பணத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான், அவனுக்கு மாதா மாதம் 5-ம் தேதி வாடகை கட்டும் கடமையும் இருக்கும் என்று எந்த லெக்சரரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

என் பெரியம்மா விட்டுப்போன சொத்து, வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து பைண்டு செய்த வால்யூம்கள். ஓவியங்கள், நடுவே தலைவலித் தைல விளம்பரம் எல்லாம் அப்படியே இருக்கும். இரண்டு பிரதி இருந்த ஆறு வால்யூம்களை இன்டர்நெட்டில் விற்பனைக்குப் போட்டேன். கனடாவில் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வாங்கினார். 14,000 ரூபாய். வெளிநாட்டுப் பணம் வசூலித்துத் தரும் ஒரு நிறுவனத்தின் மூலம் கட்டினார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எனக்கு அங்கே இன்னும் கணக்கு இருக்கிறது!

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். பணம் பேங்குக்கு வந்தது. வந்த வழியே போயும் விட்டது. மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு (கெட்ட செய்திகளுக்கு வெள்ளிக்கிழமை இரவின் மேல் தனிப் பிரியம்) ஒரு மெயில். 'பொருள் வந்து சேரவில்லை என்று உங்கள் வாடிக்கையாளர் புகார் செய்திருக்கிறார். பத்து நாட்களுக்குள் பதில் தரவும். அதுவரை உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க இயலாது.' உள்ளே போய்ப் பார்த்தால் மைனஸ் 14,000.

சரி, பதினாலாயிரத்தோடு போகட்டும் என்று பார்த்தால், திங்கட்கிழமை சிங்கப்பூரிலிருந்து நான் செய்து கொடுத்த மொழிபெயர்ப்புக்கு 41,000 வந்து சேர்ந்தது. அதே கணக்கில். கேஸ் 14,000-க்கு, சிறையில் 41,000. அந்த மாத வாடகை, பையனின் டேர்ம் ஃபீஸ் எல்லாம் அதற்குள்தான்.

நான் எழுத்தாளன் ஆயிற்றே, உட்கார்ந்து நாலு பக்கத்துக்கு ஒரு பதில் தயாரித்தேன். எங்கள் பரம்பரையில் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை என்று ஆரம்பித்து, பெரியம்மாவின் வாசிப்பு, ஊசி நூல் கொண்டு அவர் தைத்த அழகு... அனுப்பும் முன் சகதர்மிணியிடம் படித்துக் காட்டினேன்.

"அவங்க கேக்கறது பார்சல் எங்கேன்னு. நீங்க பெரியம்மா எங்கேன்னு எழுதியிருக்கீங்க" என்றாள்.

எதிர் ஃபிளாட்டில் ஒரு பெரியவர். பேங்கில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். அவரிடம் போய் நின்றேன்.

"ஏம்ப்பா, நீ பி.காம்.தானே? லெட்டர் ஆஃப் கிரெடிட் படிச்சியா?"

"படிச்சேன் சார்."

"கப்பல்ல கோதுமை வருதா, மண்ணு வருதான்னு பேங்க் மூட்டையைப் பிரிச்சுப் பார்க்குமா?"

"பார்க்காது சார்."

"பின்னே எதைப் பார்க்கும்?"

"பேப்பரை."

"அவ்வளவுதான். இவனும் பேப்பர்தான் பார்ப்பான். உன் மூஞ்சியைப் பார்க்க மாட்டான்."

பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபை இதற்கென்றே விதிகள் வைத்திருக்கிறது. யு.சி.பி. 600 என்று பெயர். 2007 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. பேங்குகளுக்குத் தஸ்தாவேஜோடுதான் உறவு, சரக்கோடு இல்லை என்பது அதன் 5-வது ஷரத்து. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பாதி ஆத்திரம் அடங்கிவிடுகிறது. எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என் புகாரைப் பிரிக்கும் ஆசாமிக்கு என்னையும் தெரியாது, ஸ்கார்பரோக்காரரையும் தெரியாது. யார் யோக்கியன் என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒத்துவரும்வரை தொகையை சஸ்பென்ஸில் போட்டிருக்கிறார், அவ்வளவே.

அதற்காக வாங்கியவரைத் திட்டவும் எனக்கு மனசில்லை. பார்க்காத பொருளுக்கு முன்பணம் கட்டியவர் அவர். கிரெடிட் கார்டு பில்லைத் தகராறு செய்யும் உரிமை அமெரிக்காவில் 1974-லேயே சட்டமாகிவிட்டது. போன வருஷம் வராத சட்டைக்கு நானே புகார் செய்து பணத்தைத் திரும்ப வாங்கியவன்தான். அன்றைக்கு அந்தச் சட்டைக் கடைக்காரர் எத்தனை நாள் தூங்கவில்லையோ!

நாலு பக்கம் நாலு வரி ஆனது. கூடவே மூன்று பேப்பர். முதலாவது தபாலாபீஸ் ரசீது. அதில் இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் 'ஐ.என்.' என்று ஒரு நம்பர் இருக்கும். அதே நம்பரைக் கனடா தபால்காரர்களின் வெப்சைட்டிலும் போட்டுப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. நம்மூர்ப் பக்கம் 'நாட்டைவிட்டுப் புறப்பட்டது' என்பதோடு மௌனமாகிவிட்டது. அந்தப் பக்கம் 'கஸ்டம்ஸில் இருக்கிறது' என்றது. இரண்டாவது பேப்பர் அது. மூன்றாவது, பணம் கட்டும்போது அவர் கொடுத்த விலாசம். பார்சல் அந்த விலாசத்துக்கே போயிருக்க வேண்டும். பணம் கட்டிய பிறகு, "தம்பி வீட்டுக்கு அனுப்பிடுங்க சார்" என்று நைசாகக் கேட்பவர்கள் உண்டு. அனுப்பினால், பார்சல் போய்ச் சேர்ந்தாலும் சேராத கணக்குதான்.

இரண்டாவது பேப்பர்தான் சொத்தையாக இருந்தது. கஸ்டம்ஸில் இருந்தால் 'வந்து சேரவில்லை' என்பது நிஜம்தானே? எனவே கெடுவுக்குள் எவ்வளவு பொறுக்கலாமோ அவ்வளவு பொறுத்தேன். தினம் காலையில் பல் தேய்க்கும் முன் அந்த நம்பர். ஆறாம் நாள் 'டெலிவரி ஆயிற்று' என்று வந்தது. அன்று மாலையே ஸ்கார்பரோவிலிருந்து போன்.

"அண்ணை, பார்சல் வந்திட்டுது. கீழ ஆபீஸில வாங்கி வச்சிருக்கினம். நான் கேஸை மூடிவிடுறன், நீங்கள் யோசியாதேங்கோ."

தங்கமான மனிதர். அம்மாவுக்காக வாங்கினாராம். இந்தக் கதையெல்லாம் யாழ்ப்பாணத்தில் வாரா வாரம் காத்திருந்து படித்தவராம் அந்த அம்மாள். நெகிழ்ந்துவிட்டேன். இனி எதற்குப் பதில் என்று லேப்டாப்பை மூடப் போனேன்.

"அவர் மூடறப்போ மூடட்டும். நீங்க அனுப்புங்க" என்றாள் சகதர்மிணி.

அன்றிரவே அனுப்பினேன். நல்லதாயிற்று. அம்மாவும் பிள்ளையும் வால்யூமைப் பிரித்து உட்கார்ந்ததில் கேஸ் மறந்தே போயிற்று! பத்து நாள் கெடு தாண்டியும் அவர் மூடவில்லை. நான் பதில் தராமல் இருந்திருந்தால், பேசாதவன் தோற்றான் என்று 14,000 தானாகவே கனடாவுக்குத் திரும்பியிருக்கும். அதற்கு மேலும் ஒரு வாரம் ஆயிற்று, பேப்பர்களைப் பார்த்து என் பக்கம் முடிவு வர. மைனஸ் மறைந்தது, 41,000 விடுதலை.

வாடகை 5-ம் தேதிக்குப் பதில் 23-ம் தேதி போயிற்று. ஹவுஸ் ஓனர் நல்லவர், முகம் சுளிக்கவில்லை. மாடிப்படியில் பார்த்தபோது மட்டும், "உங்க கேஸ் என்னாச்சு சார்? விட்டுட்டாங்களா?" என்று உரக்க விசாரித்தார். பக்கத்தில் வாட்ச்மேன் நின்றிருந்தார். அன்று முதல் அவர் எனக்கு சல்யூட் வைப்பதை நிறுத்திவிட்டார்.