நெட்டைக் கட்டை

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் பிள்ளைகள் எல்லாரும் குனிந்தேதான் நடப்போம். வேப்பமுத்துக் காலம். சாத்தூருக்குக் கிழக்கே கரிசல்காட்டில் வேம்புக்கு என்ன பஞ்சம்? கண்மாய்க்கரை, பள்ளிக்கூடத்துத் திடல், காளியம்மன் கோயில் பின்பக்கம் என்று பார்த்த இடமெல்லாம் மஞ்சள் பழம் உதிர்ந்து கிடக்கும். விடிவதற்குள் போனால்தான் உண்டு. கொஞ்சம் அசந்தால் வேறு யாராவது மரத்தடியைக் கூட்டி அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். காக்கை தின்று துப்பிய கொட்டை கிடைத்தால் யோகம், பிதுக்குகிற வேலை மிச்சம். மற்றதையெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிசைந்து, தோலையும் சளியையும் அலசிவிட்டு, வெள்ளை முத்தைத் தட்டட்டியில் காயப்போட வேண்டும். இனிப்பா கசப்பா என்று சொல்ல முடியாத அந்த வாடை சோறு தின்னும்போதும் விரலை விட்டுப் போகாது.

எனக்கு அப்போது 12 வயது. 1997ஆம் வருசம். கமிஷன் கடையில் கிலோவுக்கு 4 ரூபாய் கொடுத்தார்கள். ஈரம் இருந்தால் கடைக்காரர் ஒரு முத்தைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வெயில் காட்டிட்டு வா தாயி" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பள்ளிக்கூடம் போவதற்கு முந்தி ஒரு நடை, வந்த பிறகு ஒரு நடை. அந்த ஆனியிலும் ஆடியிலும் 30 கிலோவுக்கு மேல் போட்டேன். காசை ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து, மூடிக்கு மேலே துணி சுற்றிக் கட்டி, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன்.

காசு எதற்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முழுப்பரீட்சை லீவில் மதுரையிலிருந்து வந்த பெரியம்மா மகன் கையில் ஒரு சாமான் இருந்தது. உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிசு. சாம்பல் நிறப் பிளாஸ்டிக், மேல் பாதியில் கண்ணாடி, கீழ்ப் பாதியில் மஞ்சள் பொத்தான்கள். நெற்றியில் 'பிரிக் கேம்' என்றும், 9999 ஆட்டம் ஒன்றில் என்றும் எழுதியிருந்தது. அண்ணன் அவுட் ஆகிற நேரத்தில் மட்டும் ஒரு தடவை என் கையில் கொடுப்பான். அவனும் பக்கத்திலேயே நிற்பான். அவன் ஊருக்குப் போன பிறகும் ராத்திரி கண்ணை மூடினால் கறுப்புக் கட்டைகள் மேலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தன.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் காசு பார்க்க வேறு வழியும் இருந்தது. தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைத் தீப்பெட்டி வேலையில் வைக்கக் கூடாது என்று 1986லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வீட்டுத் திண்ணைகளில் பிள்ளைகள் பெட்டி ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அம்மா என்னை அந்தப் பசையைத் தொடவே விடவில்லை. அவள் ஒன்பது வயதில் ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போனவள். "என் வெரல் போனது போதும்" என்பாள். வேப்பமுத்துக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அது மரத்தடி, நிழல், காற்று.

அந்த வருசம் ஆடிக் கடைசி வெள்ளியும் ஆகஸ்ட் 15ம் ஒரே நாளில் வந்தன. சுதந்திரம் வந்து 50 வருசம் என்று பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி, ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டே அம்மாவோடும் தம்பியோடும் இருக்கன்குடிக்குப் புறப்பட்டேன். அர்ஜுனா ஆறும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் மாரியம்மன் கோயில். ஆடிக் கடைசி வெள்ளி என்றால் சுற்றுப்பட்டு ஜில்லா முழுக்க அங்கேதான் இருக்கும். அக்கினிச்சட்டி, மொட்டை, மாவிளக்கு, மாட்டுவண்டி. ஆற்று மணலில் வரிசையாகக் கடைகள்: வளையல், சேவு, வெள்ளரிப்பிஞ்சு, பலூன், குரங்கு பொம்மை. சாமி கும்பிடும்போது, கடையில் அது இருக்க வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன்.

இருந்தது. தார்ப்பாய் விரித்த கடை ஒன்றில் கைக்கடிகாரங்களுக்கும் டார்ச் லைட்டுகளுக்கும் நடுவில் மூன்று பெட்டிகள். 150 சொன்னார். அம்மா ஒரு பேச்சும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தாள். காசு என்னுடையது, பேரமும் நான்தான் பேச வேண்டும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். தொண்டை அடைத்தது. 100 என்றேன். கடைக்காரர் சிரித்தார். 110 என்றேன். கடைசியில் 120க்கு இறங்கி, கடிகாரத்துக்குப் போடுகிற சின்னப் பேட்டரிக் கட்டை இரண்டும் சேர்த்துத் தந்தார். அழுக்கு நோட்டுகளையும் சில்லறையையும் மணலில் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்தேன். அந்த நோட்டுகளில் வேப்பமுத்து வாடை அடித்தது.

கட்டையைப் போட்டு அமுக்கியதும் அது ஒரு பாட்டுப் பாடிற்று. திருவிழாச் சத்தத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

திரையில் குறுக்கே 10 கட்டம், நெடுக்கே 20. ஒவ்வொரு கட்டமும் ஒரு சதுரக் கோடு, அதற்குள் இன்னொரு கறுப்புச் சதுரம். வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் எரியாத கட்டங்களும் நிழல்மாதிரித் தெரியும். இருநூறும் தூங்கிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். திரைக்குச் சொந்த விளக்குக் கிடையாது. ராத்திரி ஆட வேண்டும் என்றால் தெருவிளக்குக்குக் கீழே போக வேண்டும், கரண்ட் போனால் சிம்னி விளக்கை ஒட்டி உட்கார வேண்டும். ஆட்டத்தை நடுவில் நிறுத்தினால் ஓரத்தில் ஆவி பறக்கிற ஒரு கோப்பை வரும். தம்பி அதை 'டீ குடிக்கிற நேரம்' என்பான். அந்தக் கோப்பையைப் பார்ப்பதற்காகவே நிறுத்தி நிறுத்தி ஆடுவான்.

9999 ஆட்டத்தையும் ஆடிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். கார் ஓட்டுவது, பாம்பு, தவளை ரோட்டைக் கடப்பது, டாங்கிச் சண்டை, பந்தால் சுவரை உடைப்பது. இரண்டு வாரத்தில் புரிந்துவிட்டது. இரண்டு கை விரல்களும் போதும் எண்ணி முடிக்க. மற்றதெல்லாம் அதே ஆட்டம், வேகம் கூடும், தலைகீழாக வரும், அவ்வளவுதான். வருத்தம் ஒன்றும் இல்லை. ஏனென்றால் அதற்குள் கட்டை அடுக்குகிற ஆட்டத்தைத் தவிர மற்றதை நான் தொடுவதையே விட்டிருந்தேன். ஒரு வரிசை நிரம்பினால் 100. இரண்டு சேர்ந்து நிரம்பினால் 300, மூன்றுக்கு 700. நாலு வரிசையை ஒரே அடியில் காலி செய்தால் 1500. நாலைக் காலி செய்ய நெட்டைக் கட்டை ஒன்றால்தான் முடியும். அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

புரட்டாசியில் ஒரு ராத்திரி. அம்மா ஆபீஸிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. நான் அவுட் ஆனதும், "எதுக்கு வந்ததையெல்லாம் அப்பப்பவே அடைக்கிற? ஓரத்துல ஒரு சந்து விடு" என்றாள். அப்படியே கையை நீட்டினாள்.

தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குவதை நேரில் பார்க்காதவர்களுக்கு அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரச்சட்டத்தில் மெல்லிய பலகைகள், பலகை நெடுக வரிக்குழிகள். ஒரு பிடி குச்சியை அள்ளிப் பரப்பி, உள்ளங்கையால் ஒரு ஆட்டு ஆட்டினால் குச்சி ஒவ்வொன்றும் தன் குழியில் போய் விழ வேண்டும். அதன்மேல் அடுத்த பலகை, மறுபடியும் குச்சி. சட்டம் நிரம்பியதும் இறுக்கி மருந்து முக்கப் போகும். ஒரு குச்சி தூக்கிக்கொண்டு நின்றாலும் மருந்து சரியாகப் பிடிக்காது. சட்டக் கணக்கில்தான் கூலி. அம்மா சட்டத்தைப் பார்த்து அடுக்க மாட்டாள். பேசிக்கொண்டே இருப்பாள், விரல் தானாக இடத்தைக் கண்டுபிடிக்கும்.

அந்த விரல்கள் மஞ்சள் பொத்தானில் ஏறின. முதல் நாள் தடுமாறினாள். நாலாவது நாள் என்னைத் தாண்டிவிட்டாள். வலது ஓரத்தில் ஒரு சந்து விட்டு, இந்தப் பக்கம் பூராவும் சமமாக நிரப்பிக்கொண்டே வருவாள். கட்டைகள் பாதித் திரைக்கு மேல் ஏறிவிடும். எனக்குப் படபடக்கும். "அம்மா, அடைச்சிரு, அடைச்சிரு" என்று கத்துவேன். "வரும். வராமப் போகுமா" என்பாள். நெட்டைக் கட்டை வரும். திருப்பி நேராக நிறுத்தி, ஓரத்துக்குத் தள்ளி, சந்துக்குள் இறக்குவாள். நாலு வரிசையும் மின்னி மறையும். அந்த நேரத்தில் அம்மா சிரிக்கிற சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. பல் தெரிய, தோளைக் குலுக்கி, ஒன்பது வயதுப் பிள்ளை சிரிக்கிற மாதிரி. தம்பியும் நானும் ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த ஆட்டத்தைச் செய்தவரைப் பற்றி ரொம்ப வருசம் கழித்துத்தான் படித்தேன். அலெக்சி பஜித்னோவ். 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்தவர். ஐந்து ஐந்து சதுரம் ஒட்டிய துண்டுகளை ஒரு பெட்டிக்குள் இடம் மிச்சமில்லாமல் அடுக்குகிற பழைய புதிர் ஒன்று உண்டு. அதை ஐந்திலிருந்து நாலாகக் குறைத்தார். நாலு சதுரத்தை ஒட்டினால் ஏழே உருவம்தான் வரும். அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 கணினிக்குப் படம் வரையத் தெரியாது. அதனால் அடைப்புக்குறிகளைப் பக்கம் பக்கமாக வைத்தே கட்டை செய்தார். டெட்ரிஸ் என்று பேர் வைத்தார். கிரேக்க மொழியில் நாலுக்கு உள்ள சொல்லையும் அவருக்குப் பிடித்த டென்னிஸையும் சேர்த்த பேர்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது ஒன்றுதான்: "அந்தாளுக்குக் கூலி ஒழுங்காக் குடுத்தாங்களா?"

கொடுக்கவில்லை. உரிமை அரசாங்கத்திடம் இருந்தது. 1989இலிருந்து கேம் பாய் என்கிற கையில் வைத்து ஆடுகிற கருவியோடு சேர்ந்து உலகம் பூராவும் கோடிக்கணக்கில் விற்றபோதும் அவருக்கு அதில் பங்கு இல்லை. 1996இல் ஹென்க் ரோஜர்ஸ் என்பவரோடு சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கிய பிறகுதான் அவர் கைக்குக் காசு வர ஆரம்பித்தது. நாங்கள் வாங்கியதோ பேர் தெரியாத நகல், அதிலிருந்து அவருக்கு ஒரு பைசாவும் போயிருக்காது. அம்மா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "பன்னெண்டு வருசமா?" என்றாள். அப்புறம், "பாவம், நல்லா அடுக்கியிருக்கான்" என்றாள்.

ஐப்பசி கடைசியில் அம்மா 41,900 எடுத்தாள். என்னுடைய கணக்கு 14,200ஐத் தாண்டவே இல்லை. அவள் எடுத்த எண் திரையின் ஓரத்தில், அணைத்துப் போட்டாலும் அழியாமல், மறுநாளும் இருந்தது. ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் எழுத்துகள் மங்க ஆரம்பித்தன. பாட்டு இழுத்து இழுத்துப் பாடியது. கட்டையை வெயிலில் வைத்தேன், பல்லால் கடித்து நசுக்கினேன். ஒரு சாயங்காலம் திரை வெறுமையாகிவிட்டது. கட்டையைக் கழற்றினால் எண்ணும் போய்விடும் என்று தெரிந்திருந்ததால், ஏற்கெனவே அடுப்படிச் சுவரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் கரித்துண்டால் எழுதி வைத்திருந்தேன். பால் கணக்கை மாசாமாசம் அழிப்பாள். அதை அழிக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாளைக்கு முன்னால் அம்மா சுண்ணாம்பு கரைத்தாள். அந்த மூலைக்கு வந்தபோது நான் மட்டையைப் பிடித்துக்கொண்டேன். "விடு. எடுத்தவளுக்குத் தெரியாதா?" என்று சொல்லி, எண்ணின்மேல் இரண்டு பூச்சு நன்றாக அடித்தாள். சுவர் ஈரத்தில் கறுப்பாகவும் காயக் காய வெள்ளையாகவும் ஆகிக்கொண்டிருந்தது.

அப்புறம் கையைச் சேலையில் துடைத்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் இருப்பது அரிசிக்கு, சீட்டுக்கு, எங்கள் நோட்டுக்கு. அவளுக்கென்று அவள் எதுவும் வாங்கி நான் பார்த்ததில்லை. ஒரு பத்து ரூபாயையும் சில்லறையையும் என் கையில் வைத்து மூடினாள்.

"கடைக்குப் போயி ரெண்டு கட்டை வாங்கிட்டு வா. நல்ல கட்டையாப் பாத்துக் கேளு."