முக்காடிட்ட பெருமை

திருவண்ணாமலையில் வாழ்வோர் கார்த்திகைத் திங்களில் ஒரு மாலைப்பொழுது தவறாமல் தலைநிமிர்ந்து நிற்பர். 2,668 அடி உயர மலையுச்சியில், கொப்பரையில் நெய் நிறைத்து ஏற்றப்படும் தீபம் பல கல் தொலைவிலும் தெரியும். காண்போர் ஒளியைக் காண்கின்றனரேயன்றி, நெய் சுமந்து மலையேறியவர் யார், திரியிட்டவர் யார் என்று எண்ணுவதில்லை. மலையடிவாரத்திலோ நிலைமை வேறு. தெருக்கோயிலாயினும் சரி, நம் மாதா கெபியாயினும் சரி, டியூப்லைட் ஒன்றை நன்கொடையாகத் தந்தவரின் பெயர் அவ்விளக்கின் மீதே 'உபயம்' என்று எழுதப்பட்டிருக்கும். எழுத்துப் பெருகப் பெருக வெளிச்சம் குறையும்.

ஆயினும் அந்த உபயதாரர் மீது நமக்குக் கோபமில்லை. அவர் தம் பெருமையை ஒளிக்கவில்லை. நாம் இங்குக் கருதுவது, தாழ்மையின் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வெளிவரும் பெருமையை.

"அமெரிக்காவிலே என் மகனுக்கு மூச்சுவிட நேரமில்லை. இரண்டாவது வீடு வேறு வாங்கித் தொலைத்தான், அதைப் பராமரிப்பதே பெரும்பாடு" என்று அன்பியக் கூட்டத்தில் ஒரு தாய் அலுத்துக்கொள்கிறார். "ஒன்றுமே படிக்கவில்லை என்று அழுதாள், எப்படியோ முதல் மதிப்பெண் வந்துவிட்டது" என்கிறார் மற்றொருவர். கேட்போர் 'ஐயோ பாவம்' என்பதா, 'ஆகா' என்பதா என்றறியாது விழிக்கின்றனர். வேலையிழந்து வீடு திரும்பிய மகனையுடைய தாய் ஒருவரோ, ஓரத்தில் செபமாலையை உருட்டியபடி மௌனமாய் அமர்ந்திருக்கிறார். தம் துயரைச் சொல்ல அவருக்கு இடமேயில்லை. குறை சொல்லும் இடத்தையும் நிறைவுள்ளவர்களே பிடித்துக்கொண்டார்கள்.

பிறரைச் சொல்வானேன்? நம் கதையையே சொல்வோம்.

பக்கவாதத்தால் படுத்த படுக்கையாய்க் கிடந்த முதியவர் ஒருவருக்கு ஒரு நாள் நற்கருணை கொண்டு சென்றோம். உடன்வந்த இளைஞர் கைப்பேசியில் படமெடுத்தார். அன்றிரவு பங்கின் வாட்ஸ்அப் குழுவில் அப்படத்தை இட்டு, 'தகுதியற்ற இந்த எளிய ஊழியனையும் ஆண்டவர் பயன்படுத்துகிறார்' என்று எழுதினோம். கைகூப்பும் சின்னங்கள் வந்து குவிந்தன. உறங்குமுன் மும்முறை அவற்றை எண்ணிப் பார்த்தோம் என்பதை மறைப்பது முறையன்று.

மறுநாள் திருப்பலி முடிந்ததும் அம்முதியவரின் மகள் வந்தார். "சாமி, அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அப்பா முப்பது வருஷம் வாத்தியாராய் இருந்தவர். வாய் கோணிப் படுத்திருப்பதை ஊரே பார்க்கிறது. விடிந்ததிலிருந்து அழுகிறார், சாமி" என்றார்.

நாம் எழுதிய வரியில் நம் தகுதியின்மை இருந்தது. படத்திலோ நாம் வெள்ளை அங்கியில் நிமிர்ந்து நின்றோம். அவமானம் மட்டும் அவருடைய பங்காயிற்று. படத்தை நீக்கிவிட்டு, அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் நம் கையைப் பற்றினார்; பேச அவரால் இயலவில்லை.

ஏழாம் நூற்றாண்டில் சீனாய் மலை மடத்தின் தலைவராயிருந்த புனித யோவான் கிளிமாக்குஸ், வீண்பெருமையை முள்ளுக்கு ஒப்பிட்டார். எப்படி எறிந்தாலும் ஒரு முனை மேல்நோக்கியே நிற்கும். நெருஞ்சியை மிதித்தவர்க்கு இது விளங்கும். நோன்பிருந்தால் அதில் பெருமை. பிறர் அறியாதிருக்க நோன்பைத் தளர்த்தினால் தம் விவேகத்தில் பெருமை என்று அவர் தம்மையே சோதித்து எழுதினார். குருமடத்தில் இதைப் படித்தபோது நாம் பிறரையே நினைத்துக்கொண்டோம்! ஆண்டவரின் உவமையில் வரும் பரிசேயனும் நன்றி கூறியே தன் செபத்தைத் தொடங்கினான் என்பதையும் மறந்தோம்.

2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, தாழ்மை வேடமிட்ட பெருமையைக் காட்டிலும் வெளிப்படையான பெருமையையே கேட்போர் பொறுத்துக்கொள்கின்றனர் என்று காட்டியது. வேடம் நேர்மையற்றதாகத் தோன்றுவதே காரணம்.

அப்படியாயின் நமக்கு நேர்ந்த நன்மையைச் சொல்லவே கூடாதா? தாராளமாய்ச் சொல்லலாம். எலிசபெத்தம்மாளின் வீட்டில் நம் தேவதாய், எல்லாத் தலைமுறையினரும் தம்மைப் பேறுபெற்றவர் என்று போற்றுவர் என்பதை மறைக்காமலே கூறினார். 'என்னைப் போய்த் தேர்ந்துகொண்டாரே' என்று சலித்துக்கொள்ளவில்லை. இறைவன் செய்ததை இறைவன் பேரிலேயே வரவு வைத்தார். பின்னர் ஏறக்குறைய மூன்று மாதம் அந்த உறவினரோடு தங்கினார்.

ஆகவே, அன்பார்ந்த குடும்பத்தினரே, மகன் தேர்ச்சி பெற்றால், "மகிழ்ச்சி, ஆண்டவருக்கு நன்றி" என்று சொல்லி நிறுத்துங்கள். அடுத்து அருகிலிருப்பவரிடம், "உங்கள் வீட்டில் எப்படி?" என்று கேளுங்கள்; அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். கைப்பேசியில் ஒரு படத்தை இடுமுன், நாம் உயர்வதற்காக அதில் தாழ்த்தப்படுபவர் எவரேனும் உண்டோ என்று ஒரு கணம் பாருங்கள். இன்றிரவு குடும்ப செபத்திற்குமுன் இதையும் ஆத்தும சோதனையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதை எழுதி முடிக்கும் வேளையில், 'எத்தனை நேர்மையாய்த் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார் நம் சாமியார்' என்று வாசகர்கள் மெச்சுவார்கள் என்றோர் எண்ணம் மெல்லத் தலைதூக்குகிறது. முள் இன்னும் மேல்நோக்கியே நிற்கிறது. நமக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.