யார் தொட்டது?

வீட்டுக் கம்ப்யூட்டரை நமக்குத் தெரியாமல் யாரோ திறக்கிறார்கள் என்று ஒருமுறை தோன்றிவிட்டால் போதும், கண்ணில் படுவதெல்லாம் சாட்சியாகிவிடும். மூடியதாக நினைத்த ஃபைல் திறந்து கிடக்கும். நேற்றுவரை கவனிக்காத ஐகான் ஒன்று மூலையில் இருக்கும். திருட்டுப் போன வீட்டில் பொருளாவது குறையும்; இங்கே எடுத்துக்கொண்டு போனாலும் எடுத்தது இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தப் பயம் அவ்வளவு லேசில் தீராததற்குக் காரணம் அதுதான்.

எங்கள் வீட்டுக்கு அந்தப் பயம் ஒரு விடியற்காலையில் வந்தது. இரவு ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் படுத்த கம்ப்யூட்டர், திரை வெளிச்சமும் ஃபேன் சத்தமுமாக விழித்திருந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்க அக்கா மகன் அப்போது எங்களோடு தங்கியிருந்தான். மனசு நேராக அவனிடம்தான் போனது. “அவன்கிட்ட எதுவும் கேட்டுடாதீங்க. முதல்ல கம்ப்யூட்டரைப் பாருங்க” என்றாள் மனைவி. அந்தச் சொல்லுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். கேட்டுவிட்ட கேள்வியைத் திரும்ப வாங்க முடியாது. அதுவும் நம்மை நம்பி வந்து தங்கியிருக்கும் பிள்ளையிடம்.

விண்டோஸ் தன்னிடம் நடப்பதைக் குறித்து வைக்கிறது. ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதில் ‘செக்யூரிட்டி’க்குள் போனால் 4624 என்ற எண் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு நுழைவுக்கும் அந்த எண்; தவறான பாஸ்வேர்டு போட்டவர்களுக்கு 4625. முதல்முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். நாம் அசந்து தூங்கிய நேரத்தில்கூட நுழைவுகள் வரிசை கட்டியிருக்கும். பதற வேண்டாம். ஒவ்வொன்றுக்குள்ளும் ‘லாகான் டைப்’ என்று ஓர் எண் உண்டு. 5 என்றால் விண்டோஸின் சொந்த வேலைகள். 2 அல்லது 11 என்றால் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து நுழைந்தவர். 7, பூட்டிய திரையைத் திறந்தவர். 10, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தவர். அக்கவுன்ட் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2-லும் விண்டோஸ் தன் பெயரில் சில வரிகளைப் போட்டு வைக்கும்.

அன்றைய இரவில் எங்கள் பெயரில் ஒரு நுழைவும் இல்லை. பக்கத்தில் இருந்த ‘சிஸ்டம்’ பதிவில், ‘பவர் டிரபுள்ஷூட்டர்’ என்ற வரி எழுப்பியவர் யார் என்பதைச் சொன்னது. அப்டேட்டுக்காக விண்டோஸே வைத்துக்கொண்ட டைமர். பையனுக்கு இப்படி ஒரு விசாரணை நடந்ததே தெரியாது.

சந்தேகப்படுவது தவறு என்று நான் சொல்லவில்லை. 1986-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் உபயோகக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் அதை அற்பம் என்று விடவில்லை. மாதக்கணக்கில் துரத்திக்கொண்டு போய், மேற்கு ஜெர்மனியிலிருந்து ராணுவக் கணினிகள்வரை நுழைந்துகொண்டிருந்த ஓர் ஆளைக் கண்டுபிடித்தார். அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது, யார்மீதும் விரல் நீட்டுவதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் நோட்டில் எழுதி வைத்தது.

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் நான் பார்த்த கேடுகள் பெரும்பாலும் நாமே திறந்துவிட்ட வழியில் வந்தவை. சர்வீஸ் கடைக்குப் போனால் கவனியுங்கள். வரிசையாக நிற்கும் சிபியுக்களின் தலையில் மாஸ்கிங் டேப், அதில் பெயர், போன் நம்பர், கீழே பாஸ்வேர்டு, கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் படிக்கும்படி மார்க்கரில். பாதிக்குப் பாதி அது பிள்ளையின் பெயரும் பிறந்த வருஷமும். வீட்டுக்கு வந்ததும் அதை மாற்றுகிறவர்கள் எத்தனை பேர்?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒருவருக்கு நடந்தது இன்னும் மோசம். திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, காதைத் துளைக்கும் சத்தம், உதவிக்கு ஒரு போன் நம்பர். கூப்பிட்டார். “சார், சார்” என்று பணிவாகப் பேசியவன் ஒரு செயலியை இறக்கச் சொல்லி, அதில் வந்த எண்ணை வாங்கிக்கொண்டான். மவுஸ் அம்பு அவர் கண்ணெதிரிலேயே தானாக நகர்ந்தது. பொறுமையாகச் சரிசெய்கிறான், நல்ல பையன் என்றுதான் நினைத்தாராம், பணம் போகும்வரை. எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரியான செயலிகளில் குற்றமில்லை, எத்தனையோ அலுவலகங்கள் அவற்றை வைத்துத்தான் வேலை செய்கின்றன. ஆனால் அவற்றின் வழியாக வருகிறவன் நான் சொன்ன 10 என்ற எண்ணில் அகப்பட மாட்டான். கம்ப்யூட்டரில் என்னென்ன செயலிகள் ஏற்றப்பட்டிருக்கின்றன என்ற பட்டியலை முதலில் பார்க்க வேண்டும்.

பணம் போனதைவிட எனக்கு வலித்தது, அவர் மகனிடம்கூட அதைச் சொல்லாமல் வைத்திருந்தது. திட்டுவான் என்ற பயம். அந்த மௌனம் இருக்கும்வரை உள்ளே வந்தவனுக்கு வசதி.

அதனால் ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் இப்படி ஒன்றைச் சொல்ல வாயெடுத்தால், “எதுக்கு அதை இன்ஸ்டால் பண்ணீங்க?” என்று ஆரம்பிக்காதீர்கள். இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். பிறகு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை முழுக்கக் கேளுங்கள்.