சும்மா நடந்த ஒரு நாள்

எங்கள் ஆண்டிமடம் பக்கத்துப் பெண்கள் நடக்காத தூரமில்லை. முந்திரிக்காட்டுக்கு, நூறு நாள் வேலைக்கு, ரேஷன் கடைக்கு என்று நடந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் எதையாவது பார்ப்பதற்காக மட்டும் நடந்தவர்களைத் தேடினால் கிடைப்பது அரிது. வர்ஜீனியா வுல்ஃப் 1927-இல் வெளியான ஒரு கட்டுரையில், பென்சில் வாங்கப் போவதாகச் சாக்குச் சொல்லிக்கொண்டுதான் லண்டன் தெருக்களில் இறங்குகிறார். நம் ஊரில் அந்தச் சாக்கின் பெயர் கோயில்.

போன தை மாதம், 'கோயிலுக்கு' என்று சொல்லாமல், 'ஊர் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டு ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போனேன். "கூட யாரு வர்றா?" என்றார் மாமியார். "யாரும் இல்ல அத்தை" என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

ராஜேந்திர சோழன் கட்டிய தலைநகரம் அது. சுமார் 250 ஆண்டுகள் சோழர்கள் அங்கிருந்து ஆண்டார்கள். இன்று நிற்பது கோயில்தான். அதன் மதிலிலிருந்த கற்களையும் 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட எடுத்துப் போனார்கள். வடக்கு வாசல் படியருகே சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பத்தின் முன் எப்போதும் கூட்டம். அந்த மாலை ராஜேந்திரனுக்கே என்பாரும் உண்டு. எதிர்ப்புறம் ஞானசரஸ்வதி அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள். அவளை வேண்டிய மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். 'சீக்கிரம் வா' என்று அவசரப்படுத்த ஆளில்லை.

அங்கிருந்து மாளிகைமேட்டுக்கு நடந்தேன். அரண்மனையில் மிஞ்சியது செங்கல் அடித்தளம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, "தனியாவா வந்திருக்க? என்ன வேலையா?" என்றார்.

"வேலை இல்லக்கா. சும்மா பாக்க."

"சும்மாவா!" என்று சிரித்தார். அகழாய்வு நடந்தபோது அவர் அங்கே மண் சுமந்திருக்கிறார். "கோயில சுத்திப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "சாமி கும்பிட்டுட்டு ஓடியாந்துடுவேன். ஆட்ட யாரு பாக்குறது?"

1044-இல் ராஜேந்திரன் இறந்தபோது அவன் தேவி வீரமாதேவியும் உடன் உயிர்விட்டாள். அவள் தாகம் தணிய உடன்பிறந்தவன் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பிரமதேசக் கல்வெட்டு சொல்கிறது. கணவனோடு போனதும் தாகமும் கல்லில் ஏறிவிட்டன. இந்தத் தெருக்களில் அவள் தன் விருப்பத்துக்கு ஒரு நாளாவது நடந்தாளா என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. அரசிக்கே அந்தக் கதி என்றால் ஆடு மேய்ப்பவருக்கு எந்தக் கல்வெட்டு?

வரலாற்றில் பெண்களைத் தேடுகிறோம். அதற்கு முதலில் அந்த வரலாறு நடந்த மண்ணில் பெண்கள் கால் வைத்துத் திரிய வேண்டும். அதற்கு வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. சுத்தமான ஒரு கழிப்பறை, இருட்டிய பிறகும் வரும் ஒரு பேருந்து, ஒரு நாளைக்கு ஆட்டைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள். அடுத்த முறை அந்த அக்காவோடு வடக்கு வாசலுக்குப் போவதாகப் பேச்சு. ஆட்டுக்கு அவர் மகனைக் கேட்டிருக்கிறார்.