சுழலும் கோழியின் அருகில்

2018 ஆம் ஆண்டு கோடையில் ரொறன்ரோ சென்றிருந்தேன். 1989 இல் நாட்டைவிட்டுப் போன தம்பியை அதன் பின்னர் முதன்முறையாகக் கண்டது அந்தப் பயணத்தில்தான். ஸ்காபரோவில் உள்ள அவனது வீட்டின் பின்வளவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்காகக் கோழி வாட்டினான். கறி அல்ல, எரிவாயு அடுப்பின் மேல், மோட்டாரால் சுழலும் கம்பியில் கோர்த்த முழுக் கோழி.

கால்களைச் சேர்த்து, இறக்கைகளை உடலோடு ஒட்டி, நூலால் இறுகக் கட்டினான். கம்பியில் கோர்த்த பின்னர் அதன் இரு முனைகளையும் உள்ளங்கைகளில் தளர்வாக ஏந்திப் பார்த்தான். பாரமான பக்கம் தானாகவே கீழே திரும்பியது. கழற்றி மறுபடியும் கோர்த்தான். நிறை ஒரு பக்கம் சாய்ந்தால் மோட்டார் திணறும், இறைச்சியும் சீராக வேகாது என்றான்.

கோழிக்கு நேர் கீழே நெருப்பு இல்லை. இரு ஓரங்களிலும் மட்டும் எரியவிட்டு, நடுவில் கொழுப்பு வடிவதற்கு ஒரு தட்டு வைத்திருந்தான். கொழுப்பு நெருப்பில் விழுந்தால் சுவாலை எழுந்து தோலைக் கருக்கிவிடுமாம். சுழலும்போது ஊறும் சாறு உடனே கீழே சொட்டிவிடாமல் கோழியின் மேலேயே படர்கிறது. அதனாலேயே இறைச்சி வரண்டுபோவதில்லை.

நான் ஆவலில் மூடியில் கை வைத்தேன்.

"அண்ணை, திறவாதேங்கோ. சூடு போயிடும்."

முற்காலத்தில் ஐரோப்பாவில் சிறுவர்கள் நெருப்பருகே அமர்ந்து இந்தக் கம்பியைச் சுழற்றினார்கள். இங்கிலாந்தில் சக்கரத்துக்குள் ஓடி இதனைச் சுழற்றவென்றே நாய்களைப் பழக்கினார்கள். இன்று மோட்டார் சுழற்றுகிறது. கைக்கு வேலை இல்லை. ஆயினும் காற்றில் நெருப்பு அணைந்துவிடக்கூடும் என்பதால் அகன்று போகவும் முடியாது. ஒன்றரை மணி நேரம் இரண்டு கதிரைகளில் அருகருகே அமர்ந்திருந்தோம்.

அப்போதுதான் கேட்டான்: "அண்ணை, அம்மான்ரை முகம் கடைசியா எப்பிடி இருந்தது?"

அம்மா 1996 இல் யாழ்ப்பாணத்தில் காலமானார். நான் கொழும்பில் பத்திரிகைப் பணியில் இருந்தேன். ஏ9 வீதி மூடப்பட்டிருந்தது. தகவல் என்னை வந்தடைந்தபோது எட்டுச் செலவும் முடிந்திருந்தது. அந்நிய மண்ணில் தனித்திருந்தவன் உடைந்துபோவான் என்றஞ்சி, நான் அருகில் இருந்ததாகவும் எல்லாம் முறைப்படி நடந்ததாகவும் அவனுக்குக் கடிதம் எழுதினேன். எத்தனையோ மரணங்களைச் சரிபார்த்துச் செய்தியாக்கிய நான், தெரிந்தே எழுதிய பொய்ச்செய்தி அது ஒன்றுதான்.

"நான் போகேல்லை, தம்பி. போக முடியேல்லை" என்றேன்.

அவன் பேசவில்லை. கோழி சுழன்றுகொண்டிருந்தது. சற்று நேரத்தின் பின் எழுந்து, மூடியைத் திறந்து, தொடையின் தடித்த பகுதியில் எலும்பில் படாமல் வெப்பமானியைச் செருகினான். முழுக் கோழிக்குக் கனடாச் சுகாதாரத் துறை பரிந்துரைப்பது 82 பாகை செல்சியஸ். அதனைத் தாண்டியிருந்தது. நெருப்பை அணைத்தான்.

"பத்து நிமிசம் ஆறட்டும். உடனே வெட்டினால் சாறெல்லாம் ஓடிப்போயிடும்" என்றான். பிறகு, என் முகத்தைப் பாராமலே, "அப்ப ரெண்டு பேருமே காணேல்லை" என்றான்.

எங்கள் வீட்டில் கோழி சமைக்கும் நாள்களில் அம்மா காலை எப்போதும் இளையவனுக்கே வைப்பார். அன்று அவன் ஒன்றைத் தன் தட்டில் வைத்தான். மற்றையதை என் தட்டில் வைத்தான்.